காய்ச்சலிலிருந்து தேறிய நாய்க்குக் கால் துடிப்பது ஏன்? வீட்டுப் பூனைக்கும் அது தொற்றுமா?

காய்ச்சலும் சளியும் வயிற்றுப்போக்கும் நின்று இரண்டு வாரம் ஆன பிறகு நாயின் பின்னங்கால் துடிக்கத் தொடங்கியிருக்கிறது என்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். இத்தகைய நாயை வளர்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் வரிசை டிஸ்டெம்பர் என்ற நாய்களின் வைரஸ் நோயில் காணப்படுவது. தட்டம்மை வைரஸுக்கு நெருங்கிய உறவான இந்த வைரஸ் முதலில் மூச்சுப் பாதையையும் குடலையும் தாக்கும். பிறகு, நாய் பிழைத்துவிட்டது என்று நாம் நிம்மதி அடையும் ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், சில நாய்களுக்கு மாதங்கள் கழித்தும்கூட, மூளையிலும் தண்டுவடத்திலும் வேலையைக் காட்டும். என் நாய்க்கு நெற்றிப்பொட்டுத் தசை சீரான இடைவெளியில் வெட்டி இழுத்தது. உறங்கினால் நின்றுவிடும் என்று எண்ணி இரவில் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். குறட்டை விடும் அளவுக்கு உறங்கியபோதும் அதே தாளத்தில் தொடர்ந்தது. உறக்கத்திலும் ஓயாத இந்தத் துடிப்பு டிஸ்டெம்பரின் வலுவான அடையாளம். எதையோ மெல்லுவதுபோல் தாடை அசைந்து நுரை தள்ளினால் அது வலிப்பு. அதை மாத்திரையால் கட்டுப்படுத்த முயலலாம், துடிப்பு அவ்வளவு எளிதில் அடங்காது. என் நாய் துடிப்போடேயே பல ஆண்டுகள் வாழ்ந்தது, ஆனால் எல்லா நாய்க்கும் அப்படி வாய்ப்பதில்லை.

நீங்களாக முடிவுகட்டும் முன் மருத்துவர் வெறிநோய்க்கான வாய்ப்பை எடைபோட வேண்டும். வெறிநாய் என்றால் பாய்ந்து கடிக்கும் என்றே நினைக்கிறோம்; ஒடுங்கிக் கிடந்து, குரைக்கும் குரல் மாறி, தாடை தொங்கி எச்சில் ஒழுகும் வகையும் உண்டு. தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறதோ என்று வாய்க்குள் கைவிட்டுவிடாதீர்கள். கடிபட்டாலோ காயத்தில் எச்சில் பட்டாலோ சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நாயின் டிஸ்டெம்பரால் வீட்டுப் பூனை நோயுறுவதில்லை. பூனை டிஸ்டெம்பர் என்று சிலர் குழப்பமாக அழைப்பது பார்வோ வகையைச் சேர்ந்த வேறு வைரஸ். தாய் வயிற்றிலேயே அது தொற்றிய குட்டி, சிறுமூளை சரியாக வளராததால் தள்ளாடித் தள்ளாடி நடக்கும், ஆனால் அந்தத் தள்ளாட்டம் நாளடைவில் முற்றுவதில்லை. பூனையின் கொரோனா வைரஸ் உடலுக்குள்ளேயே உருமாறி உண்டாக்கும் எஃப்ஐபி (பூனைகளின் தொற்று வயிற்றுச்சவ்வு அழற்சி) என்ற நோயும் மூளையைத் தாக்கலாம். முன்பு ஏறக்குறைய மரணமே என்றிருந்த அதற்கு இப்போது ஜிஎஸ்-441524 என்ற மருந்து நல்ல பலன் தருகிறது.

மருத்துவரிடம் போகும்போது தடுப்பூசி அட்டையோடு, நாய் உறங்கும்போது எடுத்த காணொளியையும் கொண்டுபோங்கள். மேசைமேல் ஏற்றியதும் பயத்தில் உடல் விறைத்து, துடிப்பு சரியாகத் தெரியாமல் போகலாம்.