சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டூடியோஸுக்கு 5, 9 வயதுப் பிள்ளைகளையும் வயதான அம்மாவையும் கூட்டிப் போக எப்படித் திட்டமிடுவது?

கேள்வியின் சுருக்கம்: திருச்சியிலிருந்து கணவன், மனைவி, 5 வயதுப் பெண், 9 வயதுப் பையன், 66 வயது அம்மா. சிங்கப்பூரில் நான்கு நாள், அதில் ஒரு நாள் செந்தோசா தீவில் உள்ள யுனிவர்சல் ஸ்டூடியோஸ் கேளிக்கைப் பூங்கா. எந்த நாள் போகலாம், நீண்ட வரிசையில் நிற்காமல் ஏற உதவும் எக்ஸ்பிரஸ் பாஸ் தேவையா, அம்மாவுக்கு அங்கே ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிக்கெட் வாங்குமுன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரத்தை அளந்து எழுதி வையுங்கள். அடுத்து, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறைப் பட்டியலைப் பாருங்கள். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக ஒரு ஒழுங்குக்கு வந்துவிடும். எக்ஸ்பிரஸ் பாஸ் என்பது பெரும்பாலும் தேதியைத் தப்பாகத் தேர்ந்தவர்கள் கட்டும் அபராதம்.

முதலில் தேதி. சிங்கப்பூரில் பள்ளிகளுக்கு மார்ச்சில் ஒரு வாரம், மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்திலிருந்து நான்கு வாரம், செப்டம்பர் தொடக்கத்தில் ஒரு வாரம், நவம்பர் நடுப்பகுதியிலிருந்து டிசம்பர் கடைசி வரை ஆறு வாரம் விடுமுறை. இதை நம் ஊர் விடுமுறையோடு பொருத்திப் பாருங்கள். கோடை விடுமுறையில் போவதென்றால் ஏப்ரல் கடைசியிலிருந்து மே 20 வரை நல்ல காலம். அங்கே பிள்ளைகள் பள்ளியில் இருப்பார்கள். மே கடைசிக்குத் தள்ளிப் போட்டால் அவர்களின் விடுமுறையும் நம்முடையதும் ஒன்றாகச் சேர்ந்துகொள்ளும். அரையாண்டு விடுமுறைதான் எல்லாவற்றிலும் மோசம்: பள்ளி விடுமுறை, கிறிஸ்துமஸ், வடகிழக்குப் பருவமழை மூன்றும் ஒரே நேரத்தில். பொங்கல் விடுமுறையில் அங்கே பள்ளி திறந்திருக்கும், கூட்டம் குறைவு. ஆனால் மழை முழுதாக விட்டிருக்காது. காலாண்டு விடுமுறை என்றால் செப்டம்பர் கடைசி வாரத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் 1 முதல் சீனாவில் தேசிய நாள் விடுமுறை, அங்கிருந்தும் கூட்டம் வரும். செப்டம்பர் முதல் நவம்பர் வரையான காலத்தில் ஹாலோவீன் இரவு நிகழ்ச்சியும் நடக்கும். அந்த நாள்களில் சாதாரண டிக்கெட்டுக்காரர்களைச் சீக்கிரமே வெளியே அனுப்பிவிடுவார்கள். ஒரே விலை கொடுத்துக் குறைந்த நேரம் எதற்கு?

எந்த மாதமானாலும் செவ்வாய், புதன், வியாழனில் ஒன்றைப் பிடியுங்கள். விமானம் இறங்கும் நாளில் மட்டும் வைக்காதீர்கள். ராத்திரி விமானத்தில் தூங்காமல் விடிகாலையில் போய் இறங்கினால், மதியம் 2, 3 மணிக்கு முன் ஓட்டல் அறை கிடைக்காது. இன்னொன்றும் உண்டு: சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 7 மணிக்குப் பிள்ளைகளை எழுப்பினால் அவர்கள் உடம்புக்கு அது 4.30. எனவே முதல் நாள் மாலை எங்கும் அலையாமல் சீக்கிரம் தூங்க வைத்து, இரண்டாம் அல்லது மூன்றாம் நாளில் பார்க்குக்குப் போங்கள்.

இனி உயரம். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் 105 செ.மீ.யை ஒட்டி இருப்பார்கள், இரண்டு செ.மீ. வித்தியாசத்தில் ஒரு ரைடு கிடைக்கும், இன்னொன்று போகும். கேனபி ஃப்ளையர், என்சாண்டட் ஏர்வேஸ் இரண்டுக்கும் 92 செ.மீ. போதும். புஸ் இன் பூட்ஸுக்கு 100, டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு 102, ஜுராசிக் பார்க் படகுக்கு 107. மம்மிக்கு 122, பேட்டில்ஸ்டார் கலாக்டிகா ரோலர் கோஸ்டரின் இரண்டு தடங்களுக்கும் 125. முதலில் சொன்ன ஐந்திலும் 122 செ.மீ.க்குக் கீழ் இருக்கும் பிள்ளையோடு பெரியவர் ஒருவர் கட்டாயம் ஏற வேண்டும். வாசலில் கம்பு வைத்து அளப்பார்கள், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். 'எல்லா ரைடிலும் ஏறலாம்' என்று ஊரிலேயே ஆசை காட்டிவிட்டு அங்கே கொண்டுபோய் அழ வைக்காதீர்கள். எது கிடைக்கும், எது கிடையாது என்பதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள்.

9 வயதுப் பையன் 125 தாண்டியிருந்தாலும் மம்மியில் ஏற்றுமுன் யோசியுங்கள். கும்மிருட்டில் திடீரெனப் பாயும் ரோலர் கோஸ்டர் அது. இருட்டுக்குப் பயப்படும் பிள்ளையென்றால் அதற்குப் பிறகு அன்று முழுக்க எதிலும் ஏறமாட்டான். பேட்டில்ஸ்டாரில் சிவப்புத் தடம் உட்கார்ந்து போவது, நீலத் தடம் கால் தொங்கப் போவது. முதல் தடவைக்குச் சிவப்பு போதும்.

சின்னவள் ஏற முடியாத ரைடுகளுக்கு வரிசை வாசலில் நிற்கும் ஊழியரிடம், மாறி மாறி ஏற முடியுமா என்று கேளுங்கள். ஒருவர் ஏறி வரும்வரை இன்னொருவர் பிள்ளையோடு காத்திருந்து, பிறகு முழு வரிசையும் நிற்காமல் ஏறுகிற ஏற்பாடு அது. உங்களோடு அம்மாவும் இருப்பதால் சின்னவளை அவரிடம் விட்டுவிட்டு இருவரும் சேர்ந்தே போகவும் முடியும். தனி ஆளாக ஏறுவோருக்குச் சில ரைடுகளில் தனி வரிசை உண்டு. வேகமாக நகரும், ஆனால் கணவனும் மனைவியும் வேறு வேறு வண்டியில்தான் உட்கார வேண்டியிருக்கும்.

பார்க்கின் அமைப்பு எளிது. நடுவில் ஒரு ஏரி, அதைச் சுற்றி வட்டமாகப் பகுதிகள். நுழைந்ததும் ஹாலிவுட். இடப்பக்கம் போனால் மினியன் லேண்ட், ஃபார் ஃபார் அவே, லாஸ்ட் வேர்ல்ட், எகிப்து, சை-ஃபை சிட்டி, நியூயார்க் என்று சுற்றி மறுபடி ஹாலிவுட்டுக்கே வந்துவிடலாம். மடகாஸ்கர் இருந்த இடத்தில்தான் 2025 பிப்ரவரி 14 அன்று மினியன் லேண்டைத் திறந்தார்கள். பழைய வலைப்பதிவுகளைப் பார்த்து மடகாஸ்கர் படகைத் தேடாதீர்கள்.

உங்கள் குடும்பத்துக்கு இடப்பக்கச் சுற்றுதான் சரி. காரணம் இடி. சிங்கப்பூரில், குறிப்பாக ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில், மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். மின்னல் எச்சரிக்கை வந்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்திவிடுவார்கள், சில சமயம் ஒரு மணி நேரத்துக்கும் மேல். ஆகவே திறந்தவெளியில் இருப்பவை காலையில், கூரைக்குக் கீழ் இருப்பவை மாலையில். இடப்பக்கத்தில் திறந்தவெளி அதிகம், வலப்பக்கத்தில் உள்ளரங்கம் அதிகம். முக்கியமான விதிவிலக்கு பேட்டில்ஸ்டார். வானம் காலையிலேயே மூட்டமாக இருந்தால், மற்றவர்கள் மினியன் லேண்டில் இருக்கும்போது அப்பாவும் பையனும் நேராக அங்கே ஓடி முடித்துவிட்டு வரலாம்.

வழக்கமாக 10 மணிக்குத் திறக்கிறார்கள். உங்கள் தேதிக்குரிய நேரத்தை அதிகாரபூர்வ இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 9.30க்கு வாசலில் நில்லுங்கள். முதல் ஓட்டம் மினியன் லேண்டில் உள்ள மினியன் மேஹெம் ரைடுக்கு. புதிது என்பதால் 11 மணிக்கு மேல் அந்த வரிசையைப் பார்த்தாலே கால் வலிக்கும். அடுத்து புஸ் இன் பூட்ஸ், என்சாண்டட் ஏர்வேஸ். லாஸ்ட் வேர்ல்டுக்குள் நுழைந்ததும் கேனபி ஃப்ளையர். இதன் வரிசை சின்னதாகத் தெரியும், நம்பாதீர்கள். ஒரு வண்டியில் சிலரே உட்கார முடியும் என்பதால் ஆமை வேகத்தில்தான் நகரும். காத்திருப்பு 30 நிமிடத்துக்கு மேல் காட்டினால் விட்டுவிடலாம், இழப்பு பெரிதில்லை. ஜுராசிக் படகை மதியச் சாப்பாட்டுக்கு முன் கடைசியாக வையுங்கள். அதில் தொப்பலாக நனைவீர்கள். படகை லிஃப்ட்போல் மேலே தூக்கி அங்கிருந்து சறுக்கிவிடுகிறது. மாற்றுடை, பிளாஸ்டிக் பை, செருப்பு இருந்தால் இது கொண்டாட்டம். ஈர ஜீன்ஸோடு ஏசி உணவகத்தில் உட்கார்ந்தால் மாலைக்குள் பிள்ளைக்குத் தும்மல் தொடங்கிவிடும்.

பெரிய ரைடுகளின் வாசலில் லாக்கர் இருக்கிறது. முதல் கொஞ்ச நேரம் இலவசம், அதற்கு மேல் கட்டணம். பையை வைத்துவிட்டு 'தண்ணீர் குடித்துவிட்டு வரலாம்' என்று போகாமல், வரிசையில் சேரும் கணத்தில் வைத்து, இறங்கியதும் எடுத்துவிடுங்கள். எந்த லாக்கர் என்பதைப் படம் எடுத்து வைத்தால் தேட வேண்டாம்.

அம்மாவுக்கு நிறையவே இருக்கிறது. வாட்டர்வேர்ல்ட் சாகசக் காட்சி உட்கார்ந்து பார்ப்பது. நாளைக்குச் சில தடவைதான் நடக்கும், நேரத்தைப் பார்க்கின் ஆப்பில் பார்த்து 20 நிமிடம் முன்பே போனால் நனையாத பின்வரிசை கிடைக்கும். நியூயார்க்கில் செசமி ஸ்ட்ரீட் ஸ்பகெட்டி ஸ்பேஸ் சேஸ் மெதுவான உள்ளரங்கப் பயணம், சின்னவளும் பாட்டியும் சேர்ந்தே போகலாம். அங்கேயே லைட்ஸ் கேமரா ஆக்‌ஷன், ஒரு புயல் காட்சியைக் கண்முன் உருவாக்கிக் காட்டுவார்கள். நின்று பார்க்க வேண்டும், சத்தம் பலமாக இருக்கும். மூட்டுவலி இருந்தால் வாசலிலேயே சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுப்பதில் கூச்சம் வேண்டாம். தூரம் பெரிதில்லை, ஆனால் வெயிலும் ஈரக் காற்றும் நம் சித்திரை மாதத்தையே மறக்கடிக்கும்.

மதியம் 3 மணிக்கு மேல் மம்மி, டிரான்ஸ்ஃபார்மர்ஸ், பிறகு நியூயார்க். மூடுவதற்குக் கடைசி ஒரு மணி நேரத்தில் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வரிசை குறையத் தொடங்கும். அதுவரை கடைகளில் நுழையாதீர்கள். நினைவுப் பொருள் கடை ஹாலிவுட்டில் வெளியேறும் வழியில்தான் இருக்கிறது, அது எங்கும் ஓடிவிடாது.

எக்ஸ்பிரஸ் பாஸ்: நான் சொன்ன தேதிகளில் போனால் வேண்டாம். கட்டாயம் டிசம்பரில்தான் போக முடியும் என்றால் முன்கூட்டியே வாங்குங்கள், தீர்ந்து போகும். இடைப்பட்ட நாள் என்றால் வாங்காமல் உள்ளே போய் 11.30க்கு ஆப்பில் காத்திருப்பு நேரத்தைப் பார்த்து முடிவெடுக்கலாம், உள்ளேயும் விற்பார்கள். இரண்டு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். எக்ஸ்பிரஸில் நுழைவுக் கட்டணம் சேராது; அதை மட்டும் வாங்கி வாசலில் நின்றால் உள்ளே விடமாட்டார்கள். சாதாரண எக்ஸ்பிரஸில் ஒவ்வொரு ரைடுக்கும் ஒரே தடவைதான், எத்தனை தடவையும் போகலாம் என்பது வேறு பாஸ், விலையும் வேறு. உங்கள் சின்னவளுக்கும் அம்மாவுக்கும் இது வீண். எடுத்தால் ஏறப் போகிறவர்களுக்கு மட்டும் எடுங்கள்.

நுழைவு டிக்கெட்டில் 4 முதல் 12 வயது வரை சிறுவர் கட்டணம். தேதி குறித்த டிக்கெட்டை மாற்றுவது கடினம், அதனால் விசா வந்த பிறகே வாங்குங்கள்.

சாப்பாடு: வெளி உணவை உள்ளே விடமாட்டார்கள், குழந்தை உணவுக்கு விலக்கு உண்டு. புளியோதரைப் பொட்டலம் வாசலோடு சரி. காலிப் பாட்டிலைக் கொண்டுபோய் உள்ளே நிரப்பிக்கொள்ளுங்கள், சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். எகிப்துப் பகுதியில் ஓயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்தியச் சாப்பாடு கிடைக்கும். அம்மா சுத்த சைவம் என்றால் காலையில் லிட்டில் இந்தியாவில் உள்ள தேக்காவில் வயிறாரச் சாப்பிட்டுக் கிளம்புவதுதான் உத்தமம்.

அதற்காகவே தங்குமிடத்தையும் லிட்டில் இந்தியா அல்லது ஃபேரர் பார்க் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் பக்கம் பார்க்கச் சொல்வேன். ஒரே ஒரு நாளுக்காகச் செந்தோசா ஓட்டல்களில் கொட்டிக்கொடுக்கத் தேவையில்லை. இங்கிருந்து வடகிழக்குத் தடத்தில் ஏறினால் மாறாமல் ஹார்பர்ஃப்ரண்ட். அதுவே கடைசி நிறுத்தம், தவறவிடவும் முடியாது. அங்கே விவோசிட்டி வணிக வளாகத்தின் மூன்றாம் மாடியில் செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 வெள்ளி (டாலரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்). முதல் நிறுத்தமான ரிசார்ட்ஸ் வேர்ல்டில் இறங்குங்கள். எம்ஆர்டியில் விசா, மாஸ்டர்கார்டு வங்கி அட்டையையே தட்டிப் போகலாம், ஆனால் ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒன்றையே எல்லாருக்கும் தட்டினால் கதவு திறக்காது. ஊரிலேயே வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி இரண்டையும் இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் நிலையத்தில் ஈஸி-லிங்க் அட்டை வாங்குங்கள்.

விசா, அங்கீகரிக்கப்பட்ட முகவர் வழியாகத்தான். கிளம்புமுன் மூன்று நாளுக்குள் ஐவருக்கும், பிள்ளைகள் உட்பட, எஸ்ஜி அரைவல் கார்டு என்ற வருகைப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது முழு இலவசம். பணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். வெற்றிலையோடு மெல்லும் புகையிலை, குட்கா, சுயிங்கம், இ-சிகரெட் எதுவும் பெட்டியில் இருக்கக்கூடாது. அம்மாவின் சுருக்குப் பையையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாயங்காலம் பார்க் மூடியதும் எல்லாரும் ஒரே ரயிலுக்குத்தான் பாய்வார்கள். திரும்பும் பயணம் இலவசம், தீவுக்குள் போவதும் இலவசம். அதனால் எதிர்த்திசை ரயிலில் பீச் நிலையத்துக்குப் போய்க் கடற்கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, கூட்டம் கலைந்த பிறகு விவோசிட்டிக்குத் திரும்புங்கள். சின்னவள் அதற்குள் தோளில் தூங்கிவிட்டால் கடற்கரை வேண்டாம், பார்க் அருகிலேயே டாக்சி பிடித்து அறைக்குப் போய்விடுங்கள்.