பவுடர் வாங்கும் முன் அம்மாவின் தட்டைப் பாருங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது, எடை 50 கிலோ. சுத்த சைவம், முட்டைகூடச் சாப்பிடமாட்டார். 10 வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார். போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து இரண்டு வாரம் படுத்துவிட்டார். அதிலிருந்து தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. கடையில் விற்கும் புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: அம்மாவுக்குப் புரதம் போதவில்லை என்ற உங்கள் சந்தேகம் பெரும்பாலும் சரிதான். ஆனால் அது எந்த வேளையில் போதவில்லை என்று முதலில் பார்க்க வேண்டும்.

அவர் என்ன சாப்பிடுகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் சைவக்காரர்கள் என்னிடம் வழக்கமாகச் சொல்வதையே வைத்துக் கணக்குப் போடுகிறேன். காலையில் மூன்று இட்லி, சட்னி: 7 கிராம் புரதம். மதியம் சாதம், சாம்பார், ஒரு பொரியல், மோர்: 12 கிராம். மாலையில் டீ, இரண்டு பிஸ்கட்: 3 கிராம். ராத்திரி கஞ்சியோ இரண்டு இட்லியோ, கூடவே அரை டம்ளர் பால்: 7 கிராம். மொத்தம் 30 கிராமைத் தொடவில்லை. "தினமும் சாம்பார் உண்டே" என்பார்கள். தட்டில் விழும் ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு மிகக் கொஞ்சம், அதில் கிடைக்கும் புரதம் 3 கிராம் இருந்தால் அதிகம். மோரிலும் பாதிக்கு மேல் தண்ணீர்தான்.

தேவை எவ்வளவு? பெரியவர்களுக்குப் பொதுவாக எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்று 2020இல் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) பரிந்துரைத்தது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும் என்று சர்வதேச நிபுணர் குழு ஒன்று 2013இல் சொன்னது. நோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு அதைவிடவும் கூடுதல். உங்கள் அம்மாவுக்கு நான் 55 முதல் 60 கிராம் வரை வைப்பேன். வயதான தசை, சாப்பாட்டில் வரும் புரதத்துக்கு மந்தமாகவே அசைந்து கொடுக்கும். இங்கே 5 கிராம், அங்கே 7 கிராம் என்றால் அது பெரிதாக அசையாது. ஒரு வேளைக்கு 20 கிராமாவது சேர்ந்து வந்தால் நல்லது.

எனவே காலையையும் ராத்திரியையும் மாற்றுங்கள். 60 கிராம் பாசிப்பயறை ஊறவைத்து அரைத்து இரண்டு தோசை, ஒரு டம்ளர் பால்: 20 கிராம் வந்துவிடும். பருப்பு தாராளமாகப் போட்ட அடையும் அப்படியே. மதியம் கெட்டிப் பருப்பு, மோருக்குப் பதில் ஒரு கிண்ணம் தயிர், குழம்பில் 20 கிராம் மீல்மேக்கர். மீல்மேக்கர் மட்டுமே 10 கிராம் தரும். மாலையில் பிஸ்கட்டை விட்டுச் சுண்டல். பல் ஒத்துழைக்காவிட்டால் குழைய வேகவைத்து மசித்துக் கொடுங்கள். ராத்திரி இரண்டு சப்பாத்தியுடன் 50 கிராம் பனீர். வாயுத் தொல்லை என்பார், அது நியாயமான பயம்தான். இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, பெருங்காயமும் இஞ்சியும் சேர்த்துச் சமையுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரத்துக்கு ஒரு வேளையாக மாற்றுங்கள்.

இதில் எதையும் தொடங்கும் முன் ஒன்று செய்தே ஆகவேண்டும். 10 வருடச் சர்க்கரை என்பதால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியேட்டினின், சிறுநீரில் ஆல்புமின் இரண்டையும் பரிசோதியுங்கள். சிறுநீரகம் பழுதுபட்டு, டயாலிசிஸ் இல்லாமல் இருப்பவர்களுக்குப் புரதத்தைக் குறைக்கத்தான் சொல்வார்கள். அப்படியானால் மேலே சொன்ன கணக்கை விட்டுவிட்டு, டாக்டர் சொல்லும் அளவைப் பின்பற்றுங்கள்.

அடுத்தது கால்கள். சாப்பாடு மட்டும் தசையைத் திருப்பித் தராது. படுத்த படுக்கையில் 10 நாள் கிடந்தால், ஆரோக்கியமான முதியவர்களே கால் தசையில் கிட்டத்தட்ட ஒரு கிலோவை இழக்கிறார்கள். நடைப்பயிற்சி நல்லது, ஆனால் தொடைக்கு அது போதாது. நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நின்று விநாடி எண்ணுங்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் தசை பலவீனமாக இருக்கலாம். அந்தச் சோதனையே பயிற்சியும்கூட: காலை ஐந்து, மாலை ஐந்து என்று தொடங்கி மெல்லக் கூட்டுங்கள். முதலில் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளட்டும். வயதாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். 1990இல் பாஸ்டனில், 90 வயதை ஒட்டிய முதியோர் இல்லவாசிகளுக்கு எட்டு வாரம் எடைப் பயிற்சி கொடுத்தபோது அவர்களுடைய கால் வலிமை இரண்டு மடங்குக்கும் மேல் கூடியது. அதைப் படித்தது முதல் 71 வயதை நான் முடிவாக நினைப்பதே இல்லை.

பவுடர் கெடுதல் அல்ல. வாய்க்கு எதுவும் பிடிக்காத நாட்களில் பாலில் ஒரு கரண்டி கலந்து கொடுக்கலாம். டப்பாவின் பின்பக்கம் 100 கிராமுக்கு எத்தனை கிராம் புரதம், எத்தனை கிராம் சர்க்கரை என்று படித்துவிட்டு வாங்குங்கள். சத்து பானம் என்று விற்பவை பலவற்றில் புரதத்தைவிடச் சர்க்கரை அதிகம், அது அம்மாவுக்கு ஆகாது.

மூன்று மாதம் கழித்து அதே நாற்காலியில் மறுபடி விநாடி எண்ணுங்கள். அதற்குள் எடை காரணமின்றிக் குறைந்தாலோ, ஒருமுறை விழுந்தாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.