மெக்கானிக் முன்னால் மட்டும் வராத சத்தம்

கே: ஏற்காடு ஏறும்போது இன்ஜினுக்குள் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம். சமதரையில் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் இரண்டு தடவை காட்டியும் ‘ஒன்றுமில்லை’ என்கிறார்கள். பெட்ரோல் கார். (அஸ்தம்பட்டி)

ப: சேலத்துக்குள்ளேயே ஐந்து ரோடு சந்திப்பு வரை ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்திருப்பார்கள். அங்கே எப்படி வரும்? இன்ஜினுக்குப் பாரம் விழ வேண்டும். நீங்கள் சொல்வது பெரும்பாலும் நாக்கிங். பிளக் பற்றவைத்த தீ பரவி வருவதற்குள், மிச்சக் கலவை சூட்டிலும் அழுத்தத்திலும் தானாகவே வெடித்துவிடுகிறது. குடும்பத்தோடு, ஏசியும் போட்டு, வளைவு திரும்பியதும் மூன்றாவது கியரிலேயே ஆக்சிலரேட்டரை அழுத்துவீர்கள், இன்ஜின் திணறும். அடுத்த முறை சத்தம் கேட்டதும் இரண்டாவது கியருக்கு வாருங்கள். உடனே அடங்கினால் நாக்கிங்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். டர்போ (இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) இல்லாத வண்டியில் உயரம் கூடக் கூட நாக்கிங் குறைய வேண்டும், காற்று மெலிவதால். மேலே போகப் போகக் கூடுகிறது என்றால் இன்ஜின் சூடேறுகிறது. முதலில் கூலன்ட்டையும் ரேடியேட்டர் ஃபேனையும் பாருங்கள். அப்புறம் பிளக், நாக் சென்சார் (நாக்கிங்கை உணரும் கருவி), உள்ளே படிந்த கார்பன்.

கியர் மாற்றியும் விடாமல், அடியிலிருந்து கனமாக ‘டொக் டொக்’ என்று வந்தால் அது வேறு கதை. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். ஓட்டாதீர்கள், டோ செய்து கொண்டு போங்கள்.

கே: வாரம் ஒருமுறை எடுக்கும் கார். ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று ஒரு சத்தம், பிறகு அமைதி. (குகை)

ப: நின்ற வண்டியில் ஆயில் கீழே இறங்கிவிடும். அது மேலேறி டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனருக்கும், வால்வை இயக்கும் டேப்பட்டுக்கும் போய்ச் சேரும்வரை சத்தம் வரும். ஓரிரு நொடியில் நின்றால் கவலை வேண்டாம். ஆயிலும் ஃபில்டரும் கம்பெனி சொன்ன கிரேடா என்று மட்டும் பாருங்கள். வரவர நீண்டுகொண்டே போனால் செயினைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கே: மலையிலிருந்து இறங்கும்போது, கொண்டை ஊசி வளைவில் மட்டும் டிக் டிக் சத்தம், சிவப்பு ஆயில் லைட்டும் கண் சிமிட்டுகிறது. (சேலம்)

ப: இதைக் கடிதம் எழுதிக் கேட்கும்வரை ஓட்டியிருக்கிறீர்களே! பெரும்பாலும் ஆயில் குறைந்திருக்கும். வண்டி சாயும்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை உறிஞ்சுகிறது. சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) பாருங்கள். அளவு சரியாக இருந்தும் லைட் வந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது.

கே: எஸ்டேட்டில் காலைப் பனியில் கிரீச்சென்று கத்துகிறது. வெயில் வந்தால் இல்லை. (ஏற்காடு)

ப: இன்ஜினோடு சுற்றும் பெல்ட். இன்ஜின் ஓடும்போது, கையையும் துணியையும் தள்ளி வைத்து, பெல்ட்டின் வரிப்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் ஸ்ப்ரே செய்யுங்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. நின்று, திரும்பவும் வந்தால் பெல்ட் சுற்றும் சக்கரமான புல்லி ஏதோ ஒன்று நேராக இல்லை.

கே: நின்ற இடத்தில் ரேஸ் செய்தால், ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ‘ஜல்ஜல்’லென்று அதிர்கிறது. இன்ஜினை இறக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். (கொண்டலாம்பட்டி)

ப: அவசரப்படாதீர்கள். இன்ஜின் நன்றாக ஆறியபின் சைலன்சர் பைப்பின் மேல் உள்ள தகட்டைத் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அதன் போல்ட் துருப்பிடித்து விட்டுப்போயிருக்கும். பெரிய ஹோஸ் கிளாம்ப் ஒன்றைச் சுற்றி முறுக்கினால் போதும்.