வெளியிலிருந்து வரும் குங்ஃபூ மாஸ்டர்களிடம் சில நாள் கற்பதால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு, நிறையவே உண்டு. ஆனால் புதிதாக ஒரு ஃபார்ம், அதாவது வரிசையாகச் செய்யும் அசைவுகளின் தொகுப்பு, கற்றுக்கொண்டு வந்துவிடலாம் என்று போகாதீர்கள். ஏற்கெனவே தெரிந்ததைத் திருத்திக்கொள்ளப் போங்கள். சில நாளில் கற்ற புது ஃபார்ம் அடுத்த மாதமே மறந்துவிடும். நிற்கும் நிலையில் கிடைத்த ஒரு திருத்தமோ, நீங்கள் செய்கிற எல்லா ஃபார்மையும் மாற்றும்.

நான் பயிலும் பள்ளிக்கு இப்படி மாஸ்டர்கள் வருவது வழக்கம். அதிகம் கற்றது தாய்ச்சி என்ற சீனத் தற்காப்புக் கலையின் சென் பாணி என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். சீனாவின் ஹெனான் மாகாணத்தில் உள்ள சென்ஜியாகோ கிராமத்தில் தோன்றிய பாணி இது. சென் குடும்பத்தின் 19-ஆம் தலைமுறையைச் சேர்ந்த சென் சியாவ்வாங் போன்றவர்கள் நாடு நாடாகப் போய் முகாம் நடத்தியதும் இது உலகெங்கும் பரவ ஒரு முக்கியக் காரணம்.

முகாமில் கணிசமான நேரம் நிற்பதிலேயே போகும். ஜான் ஜுவாங் என்பார்கள். முழங்காலை லேசாக மடக்கி, கைகளை மார்புக்கு முன்னால் வளைத்து அசையாமல் நிற்க வேண்டும். மாஸ்டர் ஒவ்வொருவரிடமாக வருவார். ஒரு கை நெஞ்சில், இன்னொரு கை இடுப்புக்குப் பின்னால். நெஞ்சைக் கொஞ்சம் தளரவிடுவார், இடுப்பைத் துளி கீழே இறக்குவார், தூக்கிக்கொண்டிருக்கும் தோளை விரலால் தட்டுவார். தள்ளி நின்று பார்ப்பவருக்கு எதுவும் மாறியதாகவே தெரியாது. ஆனால் அதுவரை முதுகும் தோளும் பிடித்துக்கொண்டிருந்த எடை அப்படியே தொடைக்கு இறங்கிவிடும். கொஞ்ச நேரத்தில் கால் வெடவெடவென்று நடுங்கும். அவர் அடுத்தவரிடம் போனதும் உடம்பு மெல்லப் பழைய இடத்துக்கே நழுவப் பார்க்கும். அந்த நழுவலை நீங்களே உணர ஆரம்பித்தால் போதும், வந்த காரியம் பாதி முடிந்த மாதிரி. வீடியோ பார்த்து இதைக் கற்க முடியாது, கை பட்டால்தான் புரியும்.

இருவர் கை கோத்துத் தள்ளிப் பழகும் துய்ஷோவும் அப்படித்தான். வாய்ப்புக் கிடைத்தால் மாஸ்டரோடு கை கோத்துப் பாருங்கள். நீங்கள் தள்ளும்போது தள்ளுவதற்கு அங்கே எதுவுமே இருக்காது. அடுத்த நொடி கால் பெயர்ந்திருக்கும்.

சரி, வருகிறவர் சொல்வதும் உங்கள் ஆசிரியர் சொல்வதும் முரண்பட்டால்? முரண்படத்தான் செய்யும். விங் சுன் என்ற குங்ஃபூ பாணியையே எடுத்துக்கொள்ளுங்கள். உடலைத் திருப்பும்போது எடை இரு காலிலும் சமமாக இருக்க வேண்டும் என்கிறது ஒரு மரபு, முழுவதும் ஒரே காலுக்குப் போக வேண்டும் என்கிறது இன்னொன்று. இரண்டுமே அந்தப் பாணியின் புகழ்பெற்ற மாஸ்டர் இப் மேனிடமிருந்து வந்தவைதான். முகாமில் இருக்கும் வரை வந்தவர் சொல்கிறபடியே முழு மனதோடு செய்யுங்கள். 'எங்கள் மாஸ்டர் வேறு மாதிரி சொன்னாரே' என்று அங்கே ஆரம்பிக்க வேண்டாம். அப்புறம் உங்கள் ஆசிரியரிடம் செய்து காட்டிக் கேளுங்கள்.

பட்டத்தை மட்டும் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்காதீர்கள். 'ஷாவ்லின் 34-ஆம் தலைமுறை' என்பது ஷாவ்லின் மடத்தின் குரு சீட வரிசையில் ஒருவரின் இடத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். மேடையில் பிரமாதமாகச் செய்து காட்டுகிற எல்லோருக்கும் அடுத்தவர் உடம்பைப் படித்துத் திருத்தத் தெரியும் என்று சொல்ல முடியாது. எனக்கு முக்கியம் அந்தத் திறமைதான்.

முழங்காலில் தொந்தரவு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மணிக்கணக்கில் தாழ்ந்து நிற்கும்போது முழங்கால் உள்பக்கம் சாய்ந்தால் வலி நிச்சயம். கேள்வி கேட்பதென்றால் செய்து காட்டிக் கேளுங்கள், மொழி புரியாவிட்டாலும் பதில் வந்துவிடும். அடுத்தவருக்குச் சொல்லும் திருத்தத்தையும் கவனியுங்கள், பாதி உங்களுக்கும் பொருந்தும். அன்று இரவே எழுதி வையுங்கள். அவர் போன பிறகு அதில் ஒன்றிரண்டை மட்டும் எடுத்துத் தினமும் செய்யுங்கள். அடுத்த முறை வரும்போது அதையே செய்து காட்டி, எது நின்றிருக்கிறது, எது நழுவிவிட்டது என்று அவரிடமே கேளுங்கள்.