அண்ணனின் ஜீன் எனக்கும் இருக்குமா, டாக்டர்?

எச்.ஐ.வி.யில் போன அண்ணனைப் போல எனக்கும் ஆகுமா என்று, எச்.ஐ.வி. உள்ள நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நடுவே, பத்து நாள் மெடிக்கலில் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிட்டேன் என்று சாதாரணமாக எழுதிவிட்டீர்கள். எதற்காக? 'மூணு வாரமா சாயங்காலம் லேசான காய்ச்சல், நாலு கிலோ குறைஞ்சுட்டேன்.' இரண்டு பக்கக் கடிதத்தில் கடைசி வரியாக இது இருக்கிறது. எனக்கு அதுதான் முதல் வரி.

எச்.ஐ.வி. உள்ளவருக்குக் காய்ச்சல், இருமல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலே காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும். உங்களுக்கு இரண்டு இருக்கின்றன. நீங்கள் வாங்கிய மாத்திரை டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நோய் மறைந்து நிற்கும், பரிசோதனையிலும் பிடிபடாமல் போகலாம். அதை நிறுத்துங்கள். நாளையே ஏ.ஆர்.டி. சென்டருக்கு (எச்.ஐ.வி. மருந்து தரும் மையம்) போய், இந்த மாத்திரையைச் சாப்பிட்டதையும் சொல்லி, சளி, எக்ஸ்ரே இரண்டும் பாருங்கள். எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை மட்டும் நிறுத்தாதீர்கள். டிபி என்று தெரிந்து ரிஃபாம்பிசின் என்ற டிபி மருந்தை ஆரம்பித்தால், உங்கள் கூட்டு மருந்தில் உள்ள டோலுடெக்ராவிரை இரண்டு வேளையாக்குவார்கள். அதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

முடி கொட்டுவது, காது இரைச்சல் எல்லாம் இப்போதைக்கு இருக்கட்டும். வினோதக் கனவு டோலுடெக்ராவிர் வேலை. மாத்திரையைக் காலையில் போட்டுப் பாருங்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருவோம். அண்ணன் இரண்டே வருடத்தில் போய்விட்டார், ஒரே ரத்தம், நானும் அப்படித்தானா? ஜீனுக்குப் பங்கு உண்டு. நோய் எதிர்ப்புக்கு உதவும் எச்.எல்.ஏ. என்ற ஜீன்களில் பி57, பி27 வகை உள்ளவர்களுக்கு நோய் மெதுவாக நகரும், பி35-இன் சில வகைகளில் வேகமாக. ஆனால் உடன்பிறந்த இருவருக்கு எச்.எல்.ஏ. முழுதாக ஒத்துப்போக நாலில் ஒரு வாய்ப்புதான். இந்த வேக வித்தியாசமெல்லாம் மருந்தில்லாமல் விட்டவர்களிடம் பார்த்தது. அண்ணன் இறந்தது 2003-இல் என்கிறீர்கள். அரசு கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியதே 2004 ஏப்ரலில். தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை அந்த முதல் மையங்களில் ஒன்று. அவருக்கு அந்த மாத்திரை கிடைக்கவில்லை. உங்களுக்குக் கிடைக்கிறது, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸ் அளவு) கண்டறிய முடியாத அளவில் இருக்கிறது.

இணையத்தில் ஆர்டர் போட்ட அந்த சிசிஆர்5 ஜீன் பரிசோதனைக் கிட்டை ரத்து செய்யுங்கள். அந்த ஜீனில் எச்.ஐ.வி.யைத் தடுக்கும் 'டெல்டா 32' மாற்றம் வட ஐரோப்பியரில் இரு பிரதியாக நூற்றில் ஒருவருக்கு; நம்மவரிடம் மிக மிக அரிது. 'இல்லை' என்று வரும் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னொரு கடிதம் எழுதுவீர்கள். எனக்குச் சளி ரிப்போர்ட் போதும், அதை அனுப்புங்கள்.