ஆறு பக்கத்தில் ஒரு கட்டுரை

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்குப் பார்வை குறைந்துவிட்டது. பின்னேரங்களில் போனில் கட்டுரைகளை வாசித்துக் காட்டுவேன். பல தளங்கள் ஒரு கட்டுரையை ஐந்தாறு பக்கமாக வெட்டிப் போடுகின்றன. அடுத்த பக்கம் வந்து, விளம்பரத்தை மூடி முடிப்பதற்குள் அம்மா "பிறகு? பிறகு?" என்று கேட்டபடி இருப்பார். ஏன் இப்படிச் செய்கிறார்கள்? அதேநேரம், உங்கள் கட்டுரைகள் ஒரே நீளமாக ஓடுகின்றன. விட்ட இடத்தைப் பிடிக்க முடியவில்லை. அளவாகப் பிரித்துப் போடலாமே? எழுத்தும் சின்னது.

க., கொக்குவில்

அன்புள்ள க.,

உங்கள் அம்மாவின் அந்தப் "பிறகு?"தான் என்னை எழுத வைக்கிறது. அவரிடம் என் அன்பைச் சொல்லுங்கள்.

காரணம் காசு. விளம்பரத்தை ஆயிரம் தடவை காட்டினால் இவ்வளவு என்று விலை பேசி விற்கிறார்கள். கட்டுரையை ஆறாக வெட்டினால் ஒரே ஆள் ஆறு பக்கம் பார்த்ததாகக் கணக்கு, விளம்பரமும் ஆறு தடவை ஏறும். டெலிபோன் லைனில் இன்டர்நெட் ஊர்ந்து வந்த டயல்-அப் காலத்தில் நீளமான பக்கம் இறங்க நேரமெடுக்கும் என்றார்கள். அன்றைக்கு அதில் ஓரளவு நியாயம் இருந்தது, இன்றைக்கு வெறும் சாட்டு. வாசகருக்கு எது பிடிக்கும் என்பது தெரியாமலும் இல்லை. முழுவதும் ஒரே பக்கத்தில் இருப்பதையே தேடி வருபவர்கள் விரும்புகிறார்கள் என்று கூகுள் 2011இலேயே சொல்லிவிட்டது. அதற்கு முந்திய வருடம் ஆப்பிளின் சஃபாரி உலாவியில் வந்த 'ரீடர்' வசதி, வெட்டிய பக்கங்களைத் தானே ஒட்டிக் காட்டியது. ஒட்டுவதற்கு ஒரு கருவி தேவைப்படும் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள்!

எனக்குக் கோபம் வரும் இடம் வேறு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்துக்கு அச்சுத்தாள் வரவில்லை. கோடு போட்ட கொப்பித் தாளில் பேப்பர் அடித்தார்கள். கரன்ட் இல்லை. ஜாம் போத்தல் விளக்கு, அதற்கும் மண்ணெண்ணெய் அளந்துதான். எங்கள் ஒழுங்கையில் ஒரு பேப்பர் பல வீடு சுற்றும். அப்பா சத்தமாக வாசிப்பார். அவருடைய கண்ணாடி உடைந்து, மாற்று எடுக்க வழியில்லாமல் போனபிறகு அது என் வேலையானது. எழுத்தைச் சிறிதாக்கி, ஓரத்தை ஒடுக்கி, தலைப்பைக் குறுக்கி, விஷயத்தைக் குறைக்காமல் தந்தார்கள் அந்தப் பேப்பர்காரர்கள். தாளுக்குத் தவித்தவர்கள் முழுதாகத் தந்தார்கள். தாளே தேவைப்படாதவர்கள் துண்டு துண்டாகத் தருகிறார்கள். இதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை.

தொடர்கதையும் துண்டுதானே என்று சண்டைக்கு வராதீர்கள். அதை எங்கே நிறுத்துவது என்று எழுதுகிறவனுக்குத் தெரியும். அடுத்த கிழமைவரை வாசகர் அதைக் கதைத்துக்கொண்டு திரிவார். தொடர்களைக் கிழித்துச் சேர்த்து பைண்ட் பண்ணி வைத்த வீடுகள் இங்கே கனக்க இருந்தன. இடப்பெயர்வில் அதில் எவ்வளவு போயிற்று என்பது தனிக் கதை. இந்தத் தளங்களோ ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, மேற்கோளின் நடுவில் வெட்டுகின்றன. அதை வெட்டியது கணக்குப் பிள்ளை, ஆசிரியர் இல்லை.

இனி உங்களுக்கு. வெட்டுகிறார்கள் என்று முறைப்பாடு சொல்லிவிட்டு, அதே கடிதத்தில் என்னையும் வெட்டச் சொல்கிறீர்கள். விட்ட இடம் தெரியவில்லை என்றால் நீங்கள் வாசிக்கவில்லை தம்பி, விரலால் தள்ளிக்கொண்டு போகிறீர்கள். அம்மாவைக் கேளுங்கள், எங்கே விட்டது என்று அவர் சொல்வார். எழுத்து சின்னதென்றால் போனிலேயே பெரிதாக்கலாம், அதற்கெல்லாம் எனக்குக் கடிதம் வேண்டாம்.

பிரிக்க மாட்டேன். இடையிடையே உபதலைப்புப் போடலாம் என்று தளத்தைப் பார்த்துக்கொள்ளும் பொடியனிடம் சொல்லியிருக்கிறேன். பழைய கட்டுரைகளுக்கும் எப்போது வரும் என்று கேட்டு அடுத்த கடிதம் போடாதீர்கள். அவனுக்கு ஏ.எல். சோதனை வருகிறது.