ஈஸ்டர் மேசை அலங்காரம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஈஸ்டர் விருந்து மேசையின் நடுவில் வைப்பதற்காக, பலூனின் மேல் பசை தோய்த்த நூலைச் சுற்றிப் பெரிய முட்டைக் கூடு ஒன்று செய்தேன். ஒரு நாள் காயவிட்ட பிறகு பலூனை ஊசியால் குத்தி உடைத்ததும், கூடு முழுவதும் உள்நோக்கி நசுங்கிவிட்டது. தவறு எங்கே நேர்ந்தது?

பதில்: பலூன் உடையும் வேகத்தில்தான் பெரும்பாலான நூல் முட்டைகள் பாழாகின்றன. உலர்ந்த பசை நூலை மட்டுமல்லாமல் பலூனின் ரப்பரையும் பிடித்துக்கொள்வதால், ரப்பர் சட்டென்று சுருங்கும்போது தன்னோடு ஒட்டியிருக்கும் நூலையும் இழுத்துக்கொண்டு போகிறது. இதைத் தவிர்க்க, நூல் சுற்றுவதற்கு முன்பே பலூனின் மேல் சிறிது வாசலினை மெல்லியதாகத் தடவிவிடுங்கள். காய்ந்த பிறகு, மழுங்கிய பென்சிலின் பின்முனையால் கூட்டின் ஒவ்வொரு கண்ணிலும் ரப்பரை மெதுவாக அழுத்தினால், அது நூலை விட்டு விலகும் மெல்லிய ஓசை கேட்கும். எல்லாப் பக்கமும் விலகிய பின்னரே, முடிச்சுக்குப் பக்கத்தில் சிறிய துளையிட்டு, காற்று தானாக வெளியேறும்வரை பொறுத்திருங்கள்.

பசையையும் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பசை இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு போதுமானது. அதற்கு மேல் நீர்த்துவிட்டால் உலர்வதற்கு இரண்டு நாள் ஆகும், அதற்குள் பலூனே காற்றிறங்கித் தளர்ந்துவிடும். நைலான் நூல் பசையை உறிஞ்சாது என்பதால் பருத்தி நூலையே பயன்படுத்துங்கள். ஒரே திசையில் சுற்றாமல், நூல்கள் ஒன்றையொன்று பல இடங்களில் குறுக்கே வெட்டும்படி சுற்றினால்தான் கூடு தன் காலில் நிற்கும். விரைவில் காயட்டும் என்று வெயிலில் தொங்கவிட வேண்டாம். உள்ளிருக்கும் காற்று விரிந்து, இரவெல்லாம் செய்த வேலை ஒரு நொடியில் வெடித்துப்போகும். நான் முதன்முதலில் செய்த கூடு அப்படித்தான் போனது.

கேள்வி: உள்ளீடு நீக்கிய முட்டை ஓடுகளுக்குச் சாயம் ஏற்றினால் பாதி அடர்த்தியாகவும் பாதி வெளிறியும் திட்டுத்திட்டாக வருகிறது. வினிகரைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. வினிகரைக் கூட்டினால் நிலைமை மோசமாகும். முட்டை ஓடு கால்சியம் கார்பனேட்டால் ஆனது. வினிகரின் அமிலம் அதன் மேற்பரப்பைச் சற்றே அரித்துச் சாயம் பிடிக்க இடம் கொடுக்கிறது. அளவு மிஞ்சினால் மேல்தோல் சுண்ணாம்புபோல் பூத்து, சாயத்தோடு சேர்ந்து விரலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அரைக் கோப்பை வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டி வினிகரும், இருபது சொட்டு உணவு நிறமியும் போதும்.

உங்கள் சிக்கலுக்கு உண்மையான காரணம், வெற்று ஓடு மிதக்கிறது என்பதுதான். மூழ்கிய பாதியில் மட்டும் நிறம் ஏறுகிறது. ஒரு கரண்டியால் ஓட்டை மூழ்கப் பிடித்து, ஊதிய துளை வழியாகச் சாயநீர் உள்ளே நிறையும்வரை காத்திருங்கள். கடைசிக் குமிழி வெளியேறியதும் அது தானே அடியில் தங்கிவிடும். வெளியே எடுத்து, நீரை வடித்து, துளை கீழே இருக்கும்படி நிறுத்தி உலரவிடுங்கள். திட்டுகள் சிறுசிறு புள்ளிகளாக மட்டும் தென்பட்டால் அது விரல் எண்ணெயின் வேலை. சாயத்துக்கு முன் சோப்பு நீரில் கழுவுவதே அதற்கு மருந்து. வெங்காயச் சருகை அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினால் கிடைக்கும் செம்பழுப்பு, என் கண்ணுக்குக் கடைச் சாயங்கள் அனைத்தையும்விட அழகானது.

கேள்வி: க்ரேப் காகிதத்தில் லில்லி மலர்கள் செய்து, உயரமான ஜாடியில் மெழுகுவர்த்திகளோடு வைக்க எண்ணியுள்ளேன். மேசையைச் சுற்றி எட்டுப் பேர் அமர்வார்கள். பொருத்தமாக இருக்குமா?

பதில்: மலர்கள் பொருத்தமானவை, ஜாடியும் மெழுகுவர்த்தியும் அல்ல. நாற்காலியில் அமர்ந்து, முழங்கையை மேசையில் ஊன்றி மோவாயைக் கையில் தாங்கிப் பாருங்கள். அலங்காரம் அந்த மோவாய்க்குக் கீழே இருந்தால்தான் எதிரில் இருப்பவரின் முகம் தெரியும். க்ரேப் காகிதம் நொடியில் தீப்பற்றும் என்பதால், சுடருக்குப் பதிலாகப் பேட்டரியில் எரியும் சிறு விளக்குகளை வையுங்கள். இதழ்களை வெட்டும்போது காகிதத்தின் சுருக்கக் கோடுகள் இதழின் நீளவாக்கில் ஓட வேண்டும். அப்போதுதான் நடுவில் கட்டைவிரலால் அகலவாக்கில் இழுத்தால் இதழ் கிண்ணம்போல் குழியும். ஈரக் கையோடு மட்டும் தொட வேண்டாம், நிறம் கசிந்து மேசை விரிப்பில் இறங்கிவிடும்.